கடற்கரையில் ஓசியாகத் தங்கலாமா? - 1500 வருடக் கதை

கனடாவிலும் அமெரிக்காவின் வடக்கு மாநிலங்களிலும் பனி கொட்ட ஆரம்பித்தால் போதும், ரிட்டயர்டான பெரியவர்கள் பலர் வேனைக் கிளப்பிக்கொண்டு தெற்கே போய்விடுவார்கள். டெக்சாஸில் இவர்களுக்கு 'வின்டர் டெக்சன்ஸ்' என்றே பெயர். அங்கே மெக்சிகோ வளைகுடா ஓரம் சில இடங்களில் மணலிலேயே டென்ட் அடித்து, காசில்லாமலோ சொற்பக் கட்டணத்திலோ தங்கலாம். கடல் பார்த்த மனை விற்கும் விலைக்கு இது எப்படிச் சாத்தியம்?

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். கி.பி. 533-ல் ரோமப் பேரரசர் ஜஸ்டினியன் 'இன்ஸ்டிட்யூட்ஸ்' என்ற சட்டப் பாடநூலை வெளியிட்டார். காற்று, ஓடும் தண்ணீர், கடல், கடற்கரை எல்லாம் எல்லோருக்கும் பொது என்கிறது அது. கரை என்றால் எதுவரை? குளிர்காலத்துப் பெரிய அலை ஏறும் இடம் வரை. அங்கே யாரும் ஒதுங்க ஒரு குடிசை போடலாம், வலை காயவைக்கலாம். அந்தக் காலத்து கேம்பிங்!

13-ஆம் நூற்றாண்டில் காஸ்டீல் மன்னர் பத்தாம் அல்ஃபோன்சோ தொகுத்த 'சியெத்தே பார்த்திதாஸ்' சட்டத்திலும் கடற்கரை பொதுவாகவே இருந்தது. ஸ்பானியர்களோடு அது கப்பலேறி டெக்சாஸ் வந்தது. 1845-ல் டெக்சாஸ் அமெரிக்காவோடு சேர்ந்த பிறகும், ஸ்பெயினும் மெக்சிகோவும் கொடுத்த பழைய நில மானியங்களின் எல்லை எது என்று பார்க்க நீதிபதிகள் அந்தச் சட்டத்தைத்தான் புரட்டினார்கள்.

அங்கேதான் சிக்கல். 1958-ல் 'லட்டஸ்' வழக்கில் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம், தினசரி உயர் அலையின் சராசரிக் கோடுதான் எல்லை என்றது. அதாவது ஈர மணல் அரசுக்கு, காய்ந்த மணல் மானியம் பெற்றவருக்கு. உடனே சிலர் வேலி போட்டார்கள். ஜனங்கள் கொதித்தார்கள். அவர்களுக்குக் காலம் காலமாகக் கடற்கரைதானே சாலை!

1959-ல் 'ஓப்பன் பீச்சஸ் சட்டம்' வந்தது. அது யாருடைய பட்டாவையும் பிடுங்கவில்லை. ஜனங்கள் நெடுநாளாகப் புழங்கிவந்த இடத்தில், அலைக்கோட்டிலிருந்து புல் முளைக்கும் கோடு வரை யாரும் மறிக்கக்கூடாது என்றது. அவ்வளவுதான். நிலம் உன்னுடையது, நடை எங்களுடையது.

1962-ல் பாட்ரே தீவின் பெரும்பகுதியை மத்திய அரசே தேசியக் கடற்கரையாக்க அதிபர் கென்னடி கையெழுத்திட்டார். சுமார் 100 கிலோமீட்டருக்கு ஒரு ஹோட்டல்கூட கிடையாது. அங்கே மணலில் தங்கலாம், ஒரே மூச்சில் 14 நாள் வரை. தெற்கே தள்ளிப் போக ஃபோர் வீல் டிரைவ் வண்டி வேண்டும். மற்ற இடங்களில் நடக்கும் உரிமை வேறு, இரவு தங்கும் அனுமதி வேறு. அது ஊருக்கு ஊர் மாறும்.

2009-ல் கடற்கரை உரிமையை மக்கள் ஓட்டுப் போட்டு மாநில அரசியல் சாசனத்திலேயே ஏற்றினார்கள். ஆனால் 2012-ல், கால்வெஸ்டன் தீவைப் பற்றிய 'செவரன்ஸ்' வழக்கில் நீதிமன்றம் வேறு மாதிரி சொன்னது: புயல் ஒரே நாளில் கரையைத் தின்று புல்கோட்டை உள்ளே தள்ளினால், பொது உரிமை தானாகக் கூடவே நகராது.

கடல் வருடா வருடம் உள்ளே வருகிறது. கோடு நகர்ந்து, உரிமை நகராவிட்டால் மிஞ்சுவது என்ன? ஓசி இடம் தேடுகிறவர்கள் மேப்பைப் பார்ப்பதோடு, அந்தப் புல் எங்கே முளைக்கிறது என்றும் பார்த்துக்கொள்வது நல்லது.