தாத்தா துப்பாக்கி வின்செஸ்டர் இல்லை

பொங்கலுக்கு முந்தின வாரம், கீரனூர் பக்கத்தில் இருக்கும் பள்ளிக்கூட நண்பன் ஒருவன் வாட்ஸ்அப்பில் மூணு போட்டோ அனுப்பினான். பரணில் சாக்குத் துணி சுற்றிக் கிடந்த ஒரு நீளத் துப்பாக்கி. கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "தாத்தாவோடது. கீழே லிவர் இருக்கு பாரு, வின்செஸ்டராம். ஒரு புரோக்கர் அஞ்சு லட்சம்ங்கிறார். நீதான் பழசையெல்லாம் நோண்டுறவனாச்சே, பார்த்துச் சொல்லு."

ஆபீஸ் மீட்டிங் நடுவில் போட்டோவைப் பெரிசாக்கிப் பார்த்தேன். முதல் போட்டோவிலேயே தெரிந்துவிட்டது, அது வின்செஸ்டர் இல்லை.

எப்படித் தெரிந்தது என்று சொல்லிவிடுகிறேன், உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஏதாவது இருக்கலாம். கௌபாய் படங்களில் வரும் வின்செஸ்டரில், விசையைச் சுற்றியிருக்கும் வளையமும் லிவரும் ஒரே துண்டு. விரல்களை உள்ளே விட்டு அந்த வளையத்தையே கீழே தள்ளி மேலே இழுப்பார்கள். பின்பக்கம் கட்டைவிரலால் இழுக்கிற மாதிரி ஒரு சுத்தியல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பெரும்பாலான மாடல்களில் குழலுக்கு அடியில் இன்னொரு மெல்லிய குழாய் ஓடும். தோட்டாக்கள் அதில்தான் வரிசையாக நிற்கும். நண்பன் அனுப்பிய துப்பாக்கியில் விசை வளையம் தனி, லிவர் தனி. லிவர் வளையத்துக்குப் பின்னால் தொடங்கி, கை பிடிக்கிற இடத்துக்கு அடியில் வால் மாதிரி நீண்டு போகிறது. சுத்தியல் இல்லை, அடியில் குழாயும் இல்லை. வலது பக்கத்தில் கண்ணீர்த் துளி வடிவத்தில் சின்னதாக ஒரு முள் மட்டும். இது மார்ட்டினி ஹென்றி.

இரண்டையும் லிவர் இயக்கம் என்றுதான் பொதுவாகச் சொல்கிறார்கள், குழப்பமே அங்கேதான். வின்செஸ்டரில் லிவர் அடுத்த தோட்டாவை எடுத்துத் தரும். மார்ட்டினியில் லிவர் கதவை மட்டும் திறக்கும். கீழே தள்ளினால் உள்ளே இருக்கும் இரும்புக் கட்டையின் முன்பகுதி இறங்கும், காலித் தோட்டா வெளியே வந்து விழும், அதே அசைவில் உள்ளிருக்கும் சுருள்வில்லும் இறுகிக்கொள்ளும். புதுத் தோட்டாவை நாம்தான் கையால் வைக்க வேண்டும். ஒரு தடவைக்கு ஒன்றுதான். அந்தக் கண்ணீர்த் துளி முள், வில் இறுகியிருக்கிறதா இல்லையா என்பதைக் காட்டுவதற்கு.

நிஜமான வின்செஸ்டர் தமிழ்நாட்டில் இருந்ததே இல்லையா என்றால், இருந்தது. பெங்களூருக்காரர் கென்னத் ஆண்டர்சன், அன்றைய சேலம் மாவட்டத்து ஜவளகிரி காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளைத் தேடி அலைந்தவர், கையில் வைத்திருந்தது 1895 மாடல் வின்செஸ்டர், .405 காலிபர். 1954இல் வந்த அவருடைய முதல் புத்தகத்தைப் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். அந்த மாடலில் அடிக்குழாய் கிடையாது, நடுவில் பெட்டிதான். காரணம் எளிது: குழாய்க்குள் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும்போது, கூர்முனைத் தோட்டாவின் நுனி முன்னால் நிற்பதன் பின்புறத்தில், அதாவது அடி விழவேண்டிய சரியான இடத்தில், முட்டிக்கொண்டு நிற்கும். ஜான் பிரவுனிங் அதைப் பெட்டியாக்கித் தீர்த்தார். ஆனால் இதெல்லாம் காசு கொடுத்து வாங்கும் வேட்டைக்காரர்களின் துப்பாக்கி. மார்ட்டினி நம்ம ஊருக்கு வந்த கதை வேறு, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

1857 கிளர்ச்சிக்குப் பிறகு ஆங்கிலேயர்கள் ஒரு விஷயத்தில் உறுதியாக இருந்தார்கள். இந்தியச் சிப்பாய் கையில் இருப்பது வெள்ளைக்காரச் சிப்பாய் கையில் இருப்பதைவிட ஒரு தலைமுறை பழசாக இருக்க வேண்டும். அதுவரை இருந்த 1853 என்ஃபீல்டு ரைபிளின் குழலுக்குள் சுருள் வரிகள் உண்டு. குண்டைச் சுழற்றி விட்டு நேராகப் போகவைப்பவை அவைதான். 1858இல் இந்தியப் படைகளுக்கென்று வந்த வடிவத்தில் அந்த வரிகளே இல்லை. வெளியே பார்த்தால் அதே துப்பாக்கி, உள்ளே வெறும் குழாய். எங்க பாஷையில் சொன்னால், முக்கியமான ஃபீச்சரை எடுத்துவிட்டு அதே பெயரில் கொடுத்த ரிலீஸ்.

மார்ட்டினி ஹென்றியை பிரிட்டிஷ் ராணுவம் ஏற்றுக்கொண்டது 1871இல். இயக்கம் சுவிட்சர்லாந்தில் பட்டறை வைத்திருந்த மார்ட்டினியுடையது. அவரும் அதை பாஸ்டன்காரர் பீபாடியின் 1862 காப்புரிமையிலிருந்துதான் வளர்த்தெடுத்தார். குழல் எடின்பரோவின் ஹென்றியுடையது, உள்ளே ஏழு வரிகள். 31 கிராம் ஈயக்குண்டு, கருமருந்து. வெள்ளைப் படைகள் மார்ட்டினி வைத்திருந்த காலத்தில், 1878 ஆப்கன் போரில்கூட, இந்தியப் படைகளின் கையில் பழைய ஸ்னைடர்தான். அவர்கள் 1888க்குப் பிறகு லீ-மெட்ஃபோர்டுக்கு மாறினார்கள், அதற்கப்புறம்தான் மார்ட்டினி நம்மவர்களுக்கு இறங்கியது. அங்கிருந்து போலீஸ், சமஸ்தானங்கள், காவலாளிகள் என்று இன்னும் கீழே.

அதே 1878இல்தான் லிட்டன் பிரபுவின் ஆயுதச் சட்டமும் வந்தது. இந்தியன் துப்பாக்கி வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும், ஐரோப்பியனுக்கு விலக்கு. நம்ம பக்கத்தில் இதற்கு முந்தின அத்தியாயமும் ஒன்று உண்டு. 1801இல் மருது சகோதரர்களை ஒடுக்கிய கையோடு சிவகங்கை, ராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளில் ஆயுதங்களைப் பறித்தார்கள். கம்பெனிக்கு நண்பராக இருந்த புதுக்கோட்டைத் தொண்டைமானுக்கு அந்த நிலைமை வரவில்லை. சமஸ்தானம் 1948 மார்ச் 3 வரைக்கும் நீடித்தது. அந்த நட்பின் விலை என்ன என்று கட்டபொம்மன் பிடிபட்ட ஊர்க்காரர்களிடம் நான் சொல்லிக்காட்ட வேண்டியதில்லை.

சரி, பரணுக்கு வருவோம். பொங்கலன்று நேரில் போனேன். போனில் நான் முதலில் சொன்னது, "யாரும் தொடாதீங்க, குழந்தைகளை அந்த அறைப் பக்கம் விடாதீங்க." பழைய துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று யாராவது சத்தியம் செய்தாலும் நம்பக்கூடாது. எங்க பகுதிக்கு இது வெறும் பேச்சில்லை. 2021 டிசம்பர் 30 அன்று நார்த்தாமலையில், ஒரு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த பயிற்சித் தளத்திலிருந்து வந்த குண்டு, வீட்டிலிருந்த 11 வயதுப் பையன் தலையில் பாய்ந்தது. சில நாளில் இறந்துபோனான். கீரனூர் பக்கத்தில் எந்த வீட்டிலும் துப்பாக்கி என்றால் இன்னும் குரல் தாழ்கிறது.

வலது பக்கம் துரு. துணியால் மெல்லத் துடைத்ததும் ஒரு கிரீடம், கீழே வி.ஆர். என்ற விக்டோரியா ராணியின் எழுத்துகள், என்ஃபீல்டு, 1888, ரோமன் எண் நான்கு. நான்காவது மார்க், அதாவது கடைசி வெர்ஷன். நண்பன் வியந்த அந்த நீள லிவர்தான் இந்த வெர்ஷனின் அடையாளம், அதற்குப் பின்னால் ஒரு பக் ரிப்போர்ட்டே இருக்கிறது. ஆரம்பத்தில் தோட்டாவின் உடல் பித்தளைத் தகட்டைச் சுருட்டிச் செய்தது. தொடர்ந்து சுட்டால் குழல் சூடேறும், கருமருந்தின் கசடு படியும், தகடு ஒட்டிக்கொள்ளும். லிவரை இழுத்தால் அடிப்பகுதி மட்டும் பிய்ந்து வரும், தகடு உள்ளேயே மாட்டிக்கொள்ளும். 1885இல் சூடான் மணலில் இது உயிர் போகிற பிரச்சினையானது. தோட்டாவின் உடலை ஒரே துண்டுப் பித்தளையாக மாற்றினார்கள். இழுக்கும் பலம் கூட வேண்டும் என்று லிவரையும் நீட்டினார்கள். இந்த நான்காவது மார்க்கில் பெரும்பகுதி இந்தியாவுக்குத்தான் வந்தது.

போலியா என்று பார்க்க வேண்டியதும் முக்கியம். கைபர் கணவாய்ப் பக்கம் தாரா ஆதம் கேலில் கையாலேயே மார்ட்டினி செய்தார்கள், முத்திரையோடு சேர்த்து. ஆங்கிலம் தெரியாத கொல்லர்கள் பார்த்து வெட்டியதால் 'என்' எழுத்து கண்ணாடியில் தெரிகிற மாதிரி திரும்பியிருக்கும், என்ஃபீல்டில் ஓர் எழுத்து குறையும். ராணி இறந்தது 1901 ஜனவரியில். வி.ஆர். போட்டு 1907 என்றிருந்தால் கதை முடிந்தது. மார்ட்டினியில் 1871க்கு முந்தின ஆண்டு இருந்தாலும் அதே. இது எல்லாவற்றிலும் தேறியது. அரசுச் சொத்து என்பதற்கான அம்புக்குறியும், ராணுவத்திலிருந்து கழித்து விற்றதற்கான முனையோடு முனை மோதும் இரட்டை அம்பும் இருந்தன.

லிவர் அசையவில்லை. நண்பனின் சித்தப்பா சுத்தியலோடு தயாராக நின்றார். "வேணாம் சித்தப்பா"ன்னு கையைப் பிடித்தேன். நூறு வருஷத்து எண்ணெய் காய்ந்து அரக்காகியிருக்கும், அல்லது துரு. தட்டினால் முதலில் உடைவது தோட்டாவை வெளியே தள்ளும் கொக்கி. இன்னொன்று, இந்தியாவில் துப்பாக்கியைப் பழுது பார்ப்பதற்கே லைசென்ஸ் வேண்டும். புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கலாமே என்று அத்தை கேட்டார். விற்பனை மதிப்பைக் கொல்ல அதைவிட நல்ல வழி கிடையாது. உலோகத்தின் பழைய நிறமும் முத்திரைகளும்தான் அதன் ஜாதகம்.

குழல் வாயில் டார்ச் அடித்து ஓரமாக நின்று பார்த்தேன். ஏழு வரிகள் இல்லை. வழவழவென்று இருந்தது. உள்ளே கடைந்து எடுத்திருக்கிறார்கள். நேராகப் போகும் ரைபிள், கிட்டத்தில் கூட்டத்தின் மேல் சிதறு குண்டு போடும் காவல் துப்பாக்கியாக மாறியிருக்கிறது. 1858இல் செய்த அதே வேலை. பின்னாளில் லீ-என்ஃபீல்டையும் ஈசாப்பூர் தொழிற்சாலையில் இப்படித்தான் .410 ஒற்றைத் தோட்டா மஸ்கட்டாக்கிப் போலீசுக்குக் கொடுத்தார்கள். பழம்பொருள் சந்தையில் இது விலையைக் குறைக்கும் விஷயம். என்னைக் கேட்டால், அந்தத் துப்பாக்கியில் படிக்க வேண்டிய ஒரே வரி அந்த இல்லாத வரிகள்தான்.

"அப்போ அஞ்சு லட்சம்?" என்றான் நண்பன்.

புரோக்கர் வெளிநாட்டு ஏல விலையைக் கூகுளில் பார்த்திருப்பார், அதுவும் வின்செஸ்டருக்கு. நூறு வருஷத்தைத் தாண்டிய பொருள் 1972 தொல்பொருள் சட்டத்தின்கீழ் வரும், நாட்டை விட்டு வெளியே போக முடியாது. உள்ளூரில் லைசென்ஸ் இல்லாதவருக்கு விற்கவும் முடியாது. "பழசுதானே, விலக்கு உண்டு"ன்னு புரோக்கர் சொன்னாராம். 1959 ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவில் விலக்கு இருப்பது உண்மை. ஆனால் பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையில் இருக்க வேண்டும் என்கிறது அது. சிக்கியிருக்கும் லிவர் அந்தக் கணக்கில் வராது. தாத்தா இறந்து ஆறு வருஷம், லைசென்ஸ் அவரோடு போச்சு. ஒவ்வொரு தேர்தலுக்கும் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கி வந்த மனிதர். அவருக்குப் பின் பரணில் கிடந்தது சட்டப்படி லைசென்ஸ் இல்லாத ஆயுதம். 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 2 ஆண்டு சிறை.

வீடு அமைதியானது. அத்தை அடுப்படிக்குப் போய்விட்டார். "இவனைக் கூப்பிட்டதே தப்பு"ன்னு சித்தப்பா முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

வழி இருந்தது. உரிமம் முடிந்த ஆயுதத்தைக் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள வியாபாரியிடமோ ஒப்படைக்க 21ஆம் பிரிவு சொல்கிறது. அப்படி வைத்துவிட்டு, 2016 ஆயுத விதிகளின்படி வாரிசு கலெக்டரிடம் விண்ணப்பிக்கலாம். திருக்கோகர்ணம் அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கலாமா என்று நண்பன் கேட்டான், எனக்கும் அந்த ஆசைதான். அதுவும் முதலில் இந்தப் படியைத் தாண்டித்தான். ஒரு வக்கீலைப் பார்த்து, தாமதத்துக்கான விளக்கத்தோடு கடிதம் எழுதி, மறுவாரம் அவனும் அவன் அப்பாவும் ஸ்டேஷனுக்குப் போனார்கள். நானும் லீவைத் தள்ளிப்போட்டுக் கூடப் போனேன்.

ஏட்டு ரசீதில் "பழைய துப்பாக்கி - 1" என்று எழுதினார். "சார், கொஞ்சம் விவரமா எழுதலாமா?" என்று கேட்டு, நான் சொல்லச் சொல்ல அவர் பொறுமையாக எழுதிக்கொண்டார்: மார்ட்டினி ஹென்றி, நான்காவது மார்க், என்ஃபீல்டு 1888, லிவர் அசையவில்லை, குழலில் வரிகள் இல்லை.