யாழ்ப்பாண நகரசபையும் நகரத்தின் நீரும்: ஒரு வரலாற்று நோக்கு

ஒரு நாட்டின் சரித்திரத்தை எழுதுவோர் அரசரையும் போரையும் உடன்படிக்கைகளையும் முதன்மையாகக் கொள்வர். ஒரு நகரத்தின் சரித்திரத்தை எழுதப் புகுவோர்க்கு அம்முறை போதாது. நகரமாந்தர் நாள்தோறும் பருகும் நீர் எங்கிருந்து வருகின்றது, மாரி வெள்ளம் எவ்வழியே வடிகின்றது, ஒழுங்கைகளுக்கு இரவில் விளக்கேற்றுவார் யாவர், வீடுகளின் கழிவு எங்கே சென்று சேருகின்றது என்னும் வினாக்களுக்கு விடை கூறாத நகர வரலாறு நிறைவுடையதாகாது. இவ்வினாக்களுக்கு ஊரின் பெயரால் விடையளிக்கும் பொறுப்பு நகரசபையினுடையது. ஆதலின் சபையின் தீர்மானங்களை ஆராய்தல் நகரத்தின் உயிர்நாடியைத் தொட்டுப் பார்ப்பதற்கு ஒப்பாகும்.

யாழ்ப்பாண நகரசபையின் நூற்றாண்டு கடந்த வரலாற்றிலே இரண்டு காரியங்களை மாத்திரம் ஈண்டு எடுத்துக்கொள்வோம். ஒன்று சபை துணிந்து செய்தது. மற்றையது செய்யப்படாது நின்றுபோனது. முன்னதை யாவரும் அறிவர். பின்னதோ நம் காலடியின் கீழே மறைந்து கிடக்கின்றது.

சபையின் தோற்றமும் வளர்ச்சியும்

இலங்கையிலே மாநகரசபைகளை அமைப்பதற்கான முதற் சட்டம் 1865ஆம் ஆண்டிற் பிறந்தது. அச்சட்டத்தின்கீழ்க் கொழும்பும் கண்டியும், அவற்றை அடுத்துக் காலியும் சபைகளைப் பெற்றன. யாழ்ப்பாணம் பெறவில்லை. அக்காலத்தில் வடபகுதியின் ஆட்சி முழுவதும் அரசாங்க அதிபர் ஒருவரின் கையில் அடங்கியிருந்தது. 1829 முதல் 1867 வரை டைக் துரையும், 1869 முதல் 1896 வரை துவைனம் துரையும் அப்பதவியை வகித்தனர். வீதி அமைத்தலும் மரம் நடுதலும் மருத்துவமனைக்கு உதவுதலும் அவர்கள் விருப்பத்தின்படி நடைபெற்றன. நன்மை பல விளைந்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அவை அளிக்கப்பட்ட நன்மைகளேயன்றி ஊரவர் கூடித் தீர்மானித்தவை அல்ல.

1905ஆம் ஆண்டிற் கொழும்பிலிருந்து வரும் புகையிரதப் பாதை முழுமை பெற்றது. அடுத்த ஆண்டிலேயே, 1898ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ், யாழ்ப்பாணத்திற்கு ஓர் உள்ளூர்ச் சபை அமைந்தது. கொழும்பு சபை பெற்று 41 ஆண்டுகள் கழிந்த பின்னரே இந்நகரம் அந்த முதற்படியில் ஏறியது. 1920ஆம் ஆண்டின் சட்டத்தின்படி 1921இல் அது நகர மாவட்டச் சபையாகவும், 1939ஆம் ஆண்டின் சட்டத்தின்படி 1940இல் நகரசபையாகவும், 1947ஆம் ஆண்டின் சட்டத்தின்படி 1949இல் மாநகரசபையாகவும் உயர்ந்தது. மாநகரசபையின் முதலாவது முதல்வராகச் சாம் ஏ. சபாபதி அவர்கள் தெரிவுசெய்யப்பட்டார். ஒவ்வொரு படியிலும் சபையின் அதிகாரம் விரிந்தது. ஆனால் அதன் வருவாய் பெரும்பாலும் சோலைவரியையும் சந்தைக் குத்தகையையும் அனுமதிக் கட்டணங்களையுமே சார்ந்திருந்தது. பெரும் வேலைகளுக்கு மத்திய அரசின் கடனையும் கொடையையும் எதிர்பார்த்தல் வேண்டியிருந்தது. சபையின் செயல்களை மதிப்பிடுவோர் இக்குறைபாட்டை மறத்தலாகாது.

நிலமும் நீரும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கியாறு எனப்படுவதும் மாரியில் ஓடிக் கோடையில் வற்றுவதே. நிலத்தின் அடியிலுள்ளது சுண்ணாம்புக் கல். ஐப்பசி முதல் மார்கழி வரையிற் பெய்யும் மழைநீர் அக்கல்லின் வெடிப்புக்களினூடே இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் மிதந்து நிற்கின்றது. நன்னீர் மட்டம் கடன்மட்டத்திற்கு ஓரடி மேலே நிற்குமாயின், கடன்மட்டத்திற்குக் கீழே ஏறத்தாழ நாற்பதடி ஆழத்துக்கு நன்னீர் பரந்திருக்கும் என்பது நிலநீர் நூலார் கண்ட விதி. மேலே ஓரடி குறையின் கீழே நாற்பதடி நன்னீர் குறையும். ஆகவே இந்நிலத்தில் நீர் இறைத்தல் வைப்பிலிட்ட முதலை எடுத்துச் செலவிடுவது போன்றதாகும்.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. வெடிப்புள்ள கல் மழைநீரை விரைவாக உள்ளே விடுவதுபோலவே கழிவுநீரையும் விரைவாக உள்ளே விடும். மணல் செறிந்த நிலம் அழுக்கை ஓரளவு வடிகட்டும். சுண்ணாம்புக் கல்லோ அங்ஙனம் செய்வதில்லை. ஒரு வளவிற் புதைத்தது மற்றொரு வளவின் கிணற்றில் வெளிப்படுதல் கூடும். இவ்வியல்பே யாழ்ப்பாண நகரசபையின் முன் நின்ற எல்லா வினாக்களிலும் பெரிய வினாவை எழுப்பியது.

வளவும் கிணறும்

நம்மவரின் குடியிருப்பு முறையை நோக்குக. வேலி சூழ்ந்த வளவு, அதன் நடுவே வீடு, ஒரு மூலையிற் கிணறு, பிறிதொரு மூலையிற் கழிவிடம் என்பதே பண்டைய அமைப்பு. வளவு பரந்திருந்த காலத்தில் இவற்றிடையே போதிய தூரம் இருந்தது. 1707ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் ஆட்சியில் எழுத்துருப் பெற்ற தேசவழமைச் சட்டம் சீதனத்திற்கு முதன்மையான இடமளித்தது. பெண்மக்களுக்கு வளவைப் பிரித்துக் கொடுக்கும் வழக்கத்தினால் நகரத்து வளவுகள் தலைமுறைதோறும் சிறுத்தன. பத்துப் பரப்பு ஐந்தாயிற்று, ஐந்து இரண்டாயிற்று. கிணறு பங்குக் கிணறாயிற்று. வீடு பெருகியது, நிலம் பெருகவில்லை. தந்தையின் வளவில் ஒரு கழிவுக்குழி இருந்த இடத்தில் மக்களின் வளவுகளில் மூன்று குழிகள் தோன்றின.

வீடமைப்பு நகர அபிவிருத்திச் சட்டம் 1915ஆம் ஆண்டிலே, 19ஆம் இலக்கச் சட்டமாக நிறைவேறியது. கட்டடத்தின் வரைபடத்தைச் சபையின் அனுமதிக்கு வைத்தல் வேண்டும், அனுமதித்தவாறு கட்டப்பட்டதா என்று பார்த்தல் வேண்டும் என்னும் விதிகள் அதனால் வந்தன. வேலிக்குள்ளே தன் மனம்போல் வாழ்ந்த குடியானவனின் வளவிற்குள் பொதுநலம் முதன்முறை காலடி வைத்தது இச்சட்டத்தினாலே எனலாம். ஆயின் சட்டம் ஒவ்வொரு வரைபடத்தையும் தனித்தனியே நோக்கியது. நூறு வளவுகளும் சேர்ந்து ஒரே நீர்த்தேக்கத்தின்மேல் நிற்கின்றன என்பதை அது நோக்கவில்லை.

வாளி மலகூடங்கள் வழங்கிய காலத்தில் கழிவைச் சுமந்து அகற்றிய தொழிலாளரையும் ஈண்டு நினைத்தல் கடன். தென்னிந்தியாவிலிருந்து வருவிக்கப்பட்ட அம்மக்கள் விடியுமுன் நகரத்தைத் துப்புரவு செய்தனர். நகரம் அவர்களைத் தன் விளிம்பிலே குடியிருத்தியது. நகரின் வீட்டுவசதி என்பதனை ஆராய்பவர் பெருந்தெரு மாளிகைகளை அளப்பதோடு நில்லாது, நகரத்தின் தூய்மைக்கு உழைத்தவர் எத்தகைய கூரையின்கீழ் உறங்கினர் என்பதையும் வினவுதல் வேண்டும். பின்னாளில் வாளி முறை நீங்கி, நீரூற்றிக் கழுவும் மலகூடமும் ஊறுகுழியும் பரவின. மனிதன் மனிதக் கழிவைச் சுமக்கும் இழிவு நீங்கியமை பெரும் முன்னேற்றமே. எனினும் முன்பு நகருக்கு வெளியே சென்ற கழிவு இப்பொழுது நகரின் அடியிலேயே தங்கியது.

சபை துணிந்த காரியம்

இனிச் சபை செய்த காரியத்தை நோக்குவோம். 1933ஆம் ஆண்டிலே க. மு. செல்லப்பா என்னும் அன்பர் தம் இல்லத்தில் இலவச நூல்நிலையம் ஒன்றை நடத்தலானார். நகரத்துப் பெரியோர் அதனை ஆதரித்தனர். 1934ஆம் ஆண்டு ஆகத்து முதலாம் நாள் ஆசுபத்திரி வீதியில் வாடகை அறையொன்றில் 844 நூல்களுடன் பொது வாசிகசாலை திறக்கப்பட்டது. 1935ஆம் ஆண்டு சனவரி முதலாம் நாள் நகரசபை அதனைத் தன் பொறுப்பில் ஏற்றுக்கொண்டது. வீதியும் விளக்கும் சந்தையும் தன் கடமையென எண்ணிய ஒரு சபை, நூலும் தன் கடமையே எனத் துணிந்த நாள் அதுவாகும்.

மாநகரசபையான பின்னர் அத்துணிவு வளர்ந்தது. முதல்வர் சபாபதியும் வணபிதா லோங் அடிகளாரும் முன்னின்று உழைத்தனர். களியாட்டு விழாக்கள் நடத்திப் பொருள் திரட்டப்பட்டது. நூலகவியலறிஞர் எஸ். ஆர். இரங்கநாதன் ஆலோசனை வழங்கினார். சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் திராவிடப் பாணியில் வரைபடம் அமைத்தார். 1954ஆம் ஆண்டு மார்ச்சு 29ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பெற்றது. 1959ஆம் ஆண்டு ஒற்றோபர் 11ஆம் நாள் முதல்வர் அல்பிரட் துரையப்பா நூலகத்தைத் திறந்துவைத்தார்.

1981ஆம் ஆண்டு மே மாத இறுதியில் காவற்றுறையினரும் அவரோடு சேர்ந்தோரும் நகரில் நிகழ்த்திய அழிவில் அந்நூலகம் தீக்கிரையாயிற்று. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின. தொலைவில் நின்று அத்தீயைக் கண்ட பன்மொழிப் புலவர் தாவீது அடிகளார் அவ்வதிர்ச்சியில் உயிர்நீத்தார். 1984இல் நூலகம் மீளத் திறக்கப்பட்டது. 1985இல் மறுபடியும் சேதமுற்றது. 1998இன் பின்னர் மீளக் கட்டப்பட்டது.

சபையற்ற ஆண்டுகள்

நூலகத்திற்கு நேர்ந்ததை உலகம் அறியும். சபைக்கு நேர்ந்ததை நம்மவரே முழுவதும் எண்ணிப் பார்த்ததில்லை. முதல்வராயிருந்த துரையப்பா 1975ஆம் ஆண்டு யூலை 27ஆம் நாள் பொன்னாலையிற் சுட்டுக்கொல்லப்பட்டார். 1983ஆம் ஆண்டு மே மாதத் தேர்தலைப் பெரும்பாலான மக்கள் புறக்கணித்தனர். அதன்பின் 1998 வரை, ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள், மக்கள் தெரிந்தெடுத்த சபை யாழ்நகருக்கு இருக்கவில்லை. 1998இல் நகரின் முதற் பெண் முதல்வராகப் பதவியேற்ற சரோஜினி யோகேஸ்வரன் மே 17ஆம் நாள் தம் இல்லத்திற் கொல்லப்பட்டார். அவரையடுத்து வந்த பொன். சிவபாலன் அவ்வாண்டு செத்தெம்பர் 11ஆம் நாள் மாநகரசபை அலுவலகத்தில் நடந்த கூட்டத்தின்போது குண்டு வெடித்து இறந்தார். 2003ஆம் ஆண்டு பெப்புருவரியில், மீளக் கட்டிய நூலகத்தின் திறப்பு விழாவைப் பற்றிய முரண்பாட்டிற் சபையுறுப்பினர் அனைவரும் பதவி துறந்தனர். அடுத்த தேர்தல் 2009இலேயே நடைபெற்றது.

நிலத்தடி நீரிற் கழிவும் உரமும் கலந்து நைத்திரேற்று மிகுந்துள்ளதென ஆய்வாளர் எடுத்துக்காட்டியது 1980களிலாகும். குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமிற்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. அதனை மிஞ்சிய நீர் பச்சிளங் குழந்தைகளின் இரத்தத்திற்கு ஊறு செய்யும். குடாநாட்டுக் கிணறுகள் பல அவ்வெல்லையைக் கடந்திருந்தன. உண்மை வெளிப்பட்ட அக்காலத்திலேயே அதனைக் கேட்டுத் தீர்மானிப்பதற்குரிய சபை இல்லாதிருந்தது. எச்சரிக்கை எழுந்தது, அதனை ஏற்பதற்கு மன்றம் இல்லை. போரினால் நாம் இழந்தவற்றின் அட்டவணையில் இதுவும் எழுதப்படவேண்டியதாகும்.

செய்யப்படாத காரியம்

எனினும் பழி முழுவதையும் போரின்மேற் சுமத்துதல் நேர்மையாகாது. 1949 முதல் 1983 வரை முப்பத்துநான்கு ஆண்டுகள் மாநகரசபை இயங்கியது. நூலகமும் நவீன சந்தையும் விளையாட்டரங்கும் எழுந்தன. நிலக்கீழ்க் கழிவுநீர்க் குழாய்த் தொகுதி எழவில்லை. காரணம் யாது? செலவு பெரிது என்பது ஒன்று. நூலகத்திற்குப் பொருள் கொடுத்தவன் அதனைத் தன் கண்ணாற் கண்டு மகிழ்ந்தான். மண்ணுக்குள் மறையும் குழாய்க்குக் களியாட்டு விழா நடத்துவார் இல்லை என்பது மற்றொன்று. இவற்றினும் ஆழமான காரணம், என் வளவு, என் கிணறு என்னும் நம் எண்ணமே. வேலி மண்ணின்மேல் நிற்கின்றது. நீர் வேலியை அறியாது.

கோண்டாவில், திருநெல்வேலிக் கிணறுகளிலிருந்து நகரின் ஒரு பகுதிக்கே குழாய்நீர் கிடைத்துவந்தது. 2010இன் பின்னர் இரணைமடுக் குளத்து நீரைக் கொணரும் திட்டம் வகுக்கப்பட்டபோது, தம் வயலுக்கு நீர் குறையுமெனக் கிளிநொச்சி உழவர் எதிர்த்தனர். அவர் அச்சம் நியாயமற்றதன்று. முடிவில் தாளையடியிற் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் அமைக்கப்பட்டு, நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீர் வழங்கும் ஆற்றலுடன் 2024ஆம் ஆண்டு ஆகத்தில் திறக்கப்பட்டது. குடிநீர் வினாவிற்கு ஒரு விடை கிடைத்தது. கழிவுநீர் வினாவோ அப்படியே நிற்கின்றது. கடலிலிருந்து பெறும் நீரும் பயன்படுத்திய பின் அதே சுண்ணாம்புக் கல்லினுள்தானே இறங்கும்?

முடிவுரை

இவ்விரு காரியங்களையும் ஒருங்கே நோக்கின் ஓர் உண்மை புலனாகும். ஒரு சிறு நகரசபை வறுமையிலும் பெருஞ்செயல் செய்ய வல்லது. அதற்கு ஊர் முழுவதும் அதனைத் தன் காரியமாக எண்ணுதல் வேண்டும். 844 நூல்கள் வைத்த வாடகை அறையை இந்நகரம் அவ்வாறு எண்ணியது. அதனாலேயே எரிந்த நூலகத்தை மீளக் கட்டும் உறுதியும் பிறந்தது. நிலத்தடி நீரை இந்நகரம் இன்னும் அவ்வாறு எண்ணவில்லை.

2025ஆம் ஆண்டு மே மாதத் தேர்தலில் மாநகரசபை மீண்டும் மக்களால் தெரிந்தெடுக்கப்பட்டது. சபையிற் பேசுவோர் சிலர். சபையைப் பேசவைக்கக் கூடியோர் பலர். சரித்திரம் பயிலும் மாணவர் தம் வீட்டுக் கிணற்றிற்கும் கழிவுக்குழிக்கும் இடையேயுள்ள தூரத்தையும், அயல் வளவின் குழிக்கு உள்ள தூரத்தையும் ஒருமுறை அளந்து பார்ப்பாராக. பின்னர் அவ்வட்டாரத்து உறுப்பினரிடம் அக்கணக்கைக் கொண்டு செல்வாராக. இந்நகரத்தின் எழுதப்படாத அத்தியாயம் அங்கிருந்தே தொடங்குதல் வேண்டும்.