கலிலியோவுக்கு ஏன் ரெண்டு தரம் ஒரே பேர்?

கலிலியோ கலிலேயி. ஒரே பேரை ரெண்டு தரம் சொன்ன மாதிரி இருக்குதுதானே? அந்த ரெண்டாவது பேர் ஒரு வைத்தியரிட்ட இருந்து வந்தது.

விஞ்ஞானி கலிலியோ 1564இல் பீசாவில் பிறந்தவர். அவருடைய முன்னோர் புளோரன்ஸ் நகரத்துக்காரர். அவர்களின் குடும்பப் பேர் பொனாயுத்தி. பதினைந்தாம் நூற்றாண்டில் அந்தக் குடும்பத்தில் கலிலியோ பொனாயுத்தி எண்டொரு வைத்தியர் இருந்தார். பல்கலைக்கழகத்தில் படிப்பித்தவர், நகர ஆட்சியிலும் பெரிய பதவி வகித்தவர். அவரால் வந்த மதிப்பை விட மனமில்லாமல், பின்னால வந்தவர்கள் பொனாயுத்தியைக் கைவிட்டு 'கலிலேயி' ஆனார்கள்.

'கலிலியோ' எண்டால் கலிலேயாவைச் சேர்ந்தவர், அதாவது இயேசு வளர்ந்த பிரதேசத்துக்காரர். கடைசியில் வரும் 'இ' லத்தீனில் 'கலிலியோவினுடைய' எண்ட அர்த்தத்தைத் தரும். இத்தாலிய மொழியில் 'கலிலியோமார்' எண்டு பன்மையாகவும் எடுக்கலாம். 'டி ஜொவான்னி', 'டே லூக்கா' போன்ற பேர்களும் இந்த வகைதான்: இன்னாருடைய பிள்ளை.

எங்கட பேருக்கு முன்னால வாற அப்பாவின் முதலெழுத்து தலைமுறைக்குத் தலைமுறை மாறும். இத்தாலியிலும் ஒரு காலத்தில் கனபேருக்கு அப்படித்தான். பிறகு சொத்து, வரி, பதிவேடு எண்டு வந்ததும், யாரோ ஒரு முன்னோரின் பேர் அப்படியே உறைஞ்சு குடும்பப் பேராகிவிட்டது. 1563இல் முடிந்த திரெந்து பொதுச்சங்கத்துக்குப் பிறகு கோயில்களில் ஞானஸ்நானப் பதிவேடு வைப்பதும் கட்டாயமானது.

அந்தப் பதிவேடுதான் கலிலியோவின் சொந்தப் பிள்ளைகளுக்கு வினையாச்சு. அவர் மரினா காம்பா எண்ட பெண்ணோடு கலியாணம் கட்டாமலே வாழ்ந்தவர், மூன்று பிள்ளைகள். 1600இல் பிறந்த மூத்தவள் வெர்ஜீனியாவின் பதிவில் தாய் மரினாவின் பேர் இருக்கு, தகப்பன் பேர் இல்லை. 1606இல் பிறந்த மகன் வின்சென்ஸோவின் பதிவில் தகப்பன் யாரெண்டு நிச்சயமில்லை எண்டு எழுதியிருக்கு.

பிறகு நடந்ததைப் பாருங்கோ. 1619இல் தஸ்கனியின் பெரும்பிரபு மூலம் மகன் சட்டபூர்வ வாரிசாக்கப்பட்டான். கலிலேயி எண்ட பேர் அவனோடு தொடர்ந்தது. ரெண்டு மகள்மாரும் சின்ன வயதிலேயே அர்செத்ரியில் உள்ள கன்னியர் மடத்துக்கு அனுப்பப்பட்டார்கள். முறைப்படி கலியாணம் கட்டாத தாய் தகப்பனுக்குப் பிறந்த பெண்களுக்கு நல்ல இடத்தில் சம்பந்தம் கிடைக்காது எண்டதுதான் அந்தக் காலக் கணக்கு. வெர்ஜீனியா அங்க மரியா செலஸ்தே ஆனாள். அவள் தகப்பனுக்கு எழுதிய 124 கடிதங்கள் இண்டைக்கும் இருக்கு. அவர் எழுதின பதில்கள் கிடைக்கவில்லை.

ஆக, இந்தப் பேர் வெறும் ரத்த உறவின் அடையாளம் இல்லை. மூண்டு பிள்ளைகளும் ஒரே தகப்பனுக்குப் பிறந்தவர்கள்தான். யாருக்கு அந்தப் பேரின் உரிமை கிடைக்கும் எண்டதைச் சட்டமும் சமூகமும் தீர்மானித்தன. பதிவேட்டில் மரினாவின் பேர் எழுதியிருந்தும் அது பிள்ளைகளுக்கு உதவவில்லை.

இத்தாலியின் அரசியலமைப்பு நீதிமன்றம் இதற்கு 2022இல்தான் வந்து சேர்ந்தது. தகப்பனின் குடும்பப் பேர் மட்டும் பிள்ளைக்குத் தானாகவே போவது அரசியலமைப்புக்கு முரண் எண்டு தீர்ப்பளித்தது. இப்ப ரெண்டு பேரின் குடும்பப் பேரும் பிள்ளைக்கு வரும். ஒண்டு மட்டும் போதுமெண்டால் தாயும் தகப்பனும் சேர்ந்து முடிவெடுக்க வேணும். மரினாவின் பேருக்கு அந்த இடம் கிடைக்க நானூறு வருடத்துக்கு மேல எடுத்திருக்கு.