சால்மோனெல்லா வளர்ப்பூடகங்கள்

நோயாளியின் மலம், இரத்தம் போன்றவற்றிலிருந்து சால்மோனெல்லா பாக்டீரியாவைப் பிரித்தெடுக்க ஆய்வகங்கள் பயன்படுத்தும் அகர் தட்டுகளும் திரவங்களும் சால்மோனெல்லா வளர்ப்பூடகங்கள் எனப்படும். இருக்கும் கிருமியைத் தவறவிடுகிறதா, இல்லாத கிருமியை இருப்பதாகக் காட்டுகிறதா என்ற இரண்டு கேள்விகளை வைத்தே இவற்றை ஒப்பிடுகிறார்கள்.

மலத்தில் மற்ற குடல் பாக்டீரியாக்களுக்கு நடுவே சால்மோனெல்லா சிறுபான்மைதான். மக்கான்கி அகரில் அது லாக்டோஸைப் புளிக்கவைக்காமல் நிறமற்ற காலனிகளாக வளரும். புரோட்டியஸும் அப்படியே வளரும். 1965இல் வெல்டன் டெய்லர் உருவாக்கிய எக்ஸ்எல்டி அகர் இதைவிட நுட்பமானது. சால்மோனெல்லா முதலில் சைலோஸைப் புளிக்கவைத்து அமிலம் உண்டாக்குகிறது. சைலோஸ் தீர்ந்ததும் லைசினைச் சிதைத்துக் காரத்தன்மைக்குத் திரும்புகிறது. அதனால் காலனி சிவப்பாகிறது; ஹைட்ரஜன் சல்ஃபைடால் அதன் நடுவே கருமை படர்கிறது.

இந்தக் கருமையை மட்டும் நம்புவது ஆபத்து. தெற்காசியாவில் பரவலாக உள்ள, சால்மோனெல்லாவின் பாராடைஃபி ஏ வகை ஹைட்ரஜன் சல்ஃபைடை அரிதாகவே உண்டாக்கும். எக்ஸ்எல்டியில் ஷிகெல்லா என்ற வேறொரு குடல் கிருமியைப் போல வெறும் சிவப்பாக நிற்கும். டைஃபாய்டை உண்டாக்கும் டைஃபி வகையிலும் கருமை மங்கலாக இருக்கலாம். டைஃபாய்டைத் தேடும்போது, 1920களில் வில்சனும் பிளேரும் உருவாக்கிய பிஸ்மத் சல்ஃபைட் அகருக்கு இன்றும் மதிப்பு உண்டு. அதில் டைஃபி உலோகப் பளபளப்புடன் கறுப்பாகத் தெரியும். ஆனால் தட்டு புதிதாக இருக்க வேண்டும். 48 மணி நேரம் காத்திருக்கவும் வேண்டும்.

1990இல் ராம்பாக் அகருடன் நிறமூட்டி ஊடகங்கள் வந்தன. பின்னர் வந்த சிலவற்றில், சால்மோனெல்லாவின் எஸ்டரேஸ் நொதி காலனிக்கு ஊதா நிறம் தருகிறது. புரோட்டியஸ், சிட்ரோபாக்டர் ஆகியவற்றால் வரும் பொய்யான ஐயங்கள் வெகுவாகக் குறைகின்றன. தட்டின் விலை கூடுதல்தான். ஆனால் அவசியமற்ற உயிர்வேதிச் சோதனைகள் மிச்சமாவதையும் கணக்கில் சேர்க்காமல் விலையை மட்டும் ஒப்பிடுவது சரியல்ல.

கிருமி குறைவாக இருக்கும் மலத்தை முதலில் செலினைட் திரவத்தில் வளர்த்துப் பிறகு தட்டில் தீற்றுவது வழக்கம். உணவுச் சோதனைகளில் பெயர்பெற்ற ராப்பபோர்ட்-வாசிலியாடிஸ் திரவம் டைஃபி வகையையே அடக்கிவிடும் என்பதால், டைஃபாய்டு நோயாளியின் மலத்துக்கு அது ஏற்றதல்ல.

இரத்தத்தின் கதை வேறு. அங்கே போட்டி பாக்டீரியாக்கள் இல்லை. கிருமியும் மிகச் சொற்பம். டைஃபாய்டில் ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் ஒரு பாக்டீரியாகூட இல்லாமல் போகலாம். ஆகவே ஊடகத்தின் தேர்வைவிட, ஆன்டிபயாடிக் தொடங்குமுன் போதிய இரத்தம் எடுப்பதே முடிவைத் தீர்மானிக்கிறது. எலும்பு மஜ்ஜையில் கிருமி பல மடங்கு அதிகம். ஆன்டிபயாடிக் தொடங்கிய பின்னும் அங்கே கிடைப்பதுண்டு. மஜ்ஜை எடுப்பது வலி தரும் என்பதால், வேறு வழிகளில் ஐயம் தீராதபோதே மருத்துவர்கள் அதை நாடுகிறார்கள்.