பனிவண்டியும் பெட்ரோலும்

அமெரிக்காவில் ராக்கி மலைத்தொடரை ஒட்டிய மாநிலங்களின் பெட்ரோல் நிலையங்களில் ஒரு விந்தையைக் காணலாம். சமவெளியில் 87 என்ற எண் பொறித்த பெட்ரோலே சாதாரணச் சரக்கு. மலைநாட்டிலோ 85 என்று பொறித்ததையும் விற்கிறார்கள். மலைமேல் காற்று மெலிந்திருப்பதால் தாழ்ந்த எண்ணே போதும் என்பது அங்கு நெடுநாளாக வழங்கிவரும் கருத்து. பழைய கார்களுக்கு அது பொருந்தியும் வந்தது. ஆனால், குளிர்காலத்தில் டர்போசார்ஜர் பூட்டிய பனிவண்டியுடன் அங்கே வருபவன் அந்த 85-ஐ நம்பினால் அவனுடைய எஞ்சின் பாழாகக்கூடும். மலையும் ஒன்று, காற்றும் ஒன்று. ஒருவனுக்கு ஏற்ற பெட்ரோல் மற்றவனுக்கு ஏன் ஏலாமற் போகிறது?

முதலில் வண்டியைப் பற்றிச் சில சொற்கள். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் வால்கூர் என்னும் சிற்றூரில் ஷோசெஃப்-அர்மான் பொம்பார்டியே என்ற எஞ்சின் வல்லுநர் வாழ்ந்தார். 1934-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகன் கடும் நோயுற்றான். சாலைகளைப் பனி மூடியிருந்தது. மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வழியில்லாமல் குழந்தை இறந்தது. பனிமேல் ஓடும் வண்டி செய்ய வேண்டுமென்று அவர் அதற்கு முன்பே முயன்றுகொண்டிருந்தார். அந்த இழப்புக்குப் பின் முயற்சி இன்னும் தீவிரமாயிற்று. 1937-இல் பற்சக்கரமும் ரப்பர்ப் பட்டையும் இணைந்த அமைப்புக்கு உரிமை பெற்றார். எழுவர் அமரத்தக்க அவருடைய வண்டிகளில் மருத்துவர்களும் தபால்காரர்களும் சென்றனர். ஓரிருவர் ஏறிச் செல்லும் இலேசான வண்டியை அவர் 1959-இல் வெளியிட்டார். இன்றைய பனிவண்டிகள் அதன் வழிவந்தவை.

அந்த எஞ்சின்களுக்கும் மலை ஒரு தடையாகவே இருந்தது. எஞ்சின் பெட்ரோலை மட்டும் உண்பதில்லை, காற்றையும் உண்கிறது. உயரே செல்லச் செல்லக் காற்று மெலிய, வலிமையும் குறைகிறது. இக்குறைக்கு மருந்தாக அமைந்த கருவியை முதலில் எண்ணியவர் ஆல்ஃபிரெட் பூக்கி என்னும் சுவிஸ் பொறியாளர். வீணாக வெளியேறும் சூடான புகையைக் கொண்டே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதன் ஆற்றலால் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் செலுத்தலாம் என்று 1905-இல் அவர் உரிமை பெற்றார். டர்போசார்ஜர் என்பது இதுவே. 1918-இல் அமெரிக்கப் பொறியாளர் சான்ஃபர்டு மாஸ், 14,000 அடிக்கு மேல் உயர்ந்த பைக்ஸ் சிகரத்தின் உச்சிக்கு ஒரு விமான எஞ்சினைக் கொண்டுசென்று சோதித்தார். தாழ்நிலத்தில் ஏறக்குறைய 350 குதிரைச்சக்தி தந்த எஞ்சின் உச்சியில் 230 அளவே தந்தது. டர்போசார்ஜரைப் பூட்டியதும் 356-ஐ எட்டியது. சிகரத்தின் மேல் இருந்துகொண்டே எஞ்சின் கடற்கரைக் காற்றை மூச்சு வாங்கியது எனலாம்.

நம் வினாவின் முடிச்சு இங்கேதான் அவிழ்கிறது. மலைமேல் தாழ்ந்த எண் போதும் என்பது, சிலிண்டருக்குள் அமுக்கம் குறைவு என்பதனால் கிடைத்த சலுகை. டர்போசார்ஜர் அமுக்கத்தை மீட்டுத் தருகிறது. அத்துடன் சலுகையும் போய்விடுகிறது.

அமுக்கம் மிகுந்தால் என்ன நேரும்? பொறி பட்டதும் தீ ஒரு முனையிலிருந்து படிப்படியாகப் பரவவேண்டும். அமுக்கமும் வெப்பமும் எல்லை கடந்தாலோ, தீ வந்து சேருமுன்பே எஞ்சிய கலவை தானாக ஒரே கணத்தில் வெடிக்கிறது. உலோகத்தைச் சுத்தியால் தட்டுவது போன்ற ஓசை எழும். தட்டல் தொடர்ந்தால் பிஸ்டன் உருகித் துளைபடும். பனிவண்டியின் இரைச்சலிலும் தலைக்கவசத்துக்குள்ளும் அந்த ஓசை கேட்பதரிது. சாலையிலிருந்து பல கல் தொலைவில், மாலை மங்கும் வேளையில், எஞ்சின் நின்ற பிறகே செய்தி தெரியவரும்.

ஒரு காலத்தில் தட்டலுக்குக் காரணம் மின்பொறி அமைப்பே என்று பழி சுமத்தினார்கள். பழிக்கு ஆளான சார்ல்ஸ் கெட்டரிங், 1916-இல் தம் உதவியாளர் தாமஸ் மிட்ஜ்லியிடம் ஆராயச் சொன்னார். எரிபொருளுக்குச் சிவப்பு நிறமூட்டினால் வெப்பத்தை நன்கு ஏற்று விரைவில் ஆவியாகுமென்று எண்ணி, மிட்ஜ்லி அயோடினைக் கலந்தார், தட்டல் அடங்கியது. பிறகு வேறு சிவப்புச் சாயங்களைக் கலந்தார், ஒன்றும் பயனில்லை. தவறான கொள்கை சரியான கதவைத் திறந்துவிட்டது! பிரிட்டனில் ஹாரி ரிக்கார்டோவும் எரிபொருளின் இயல்பே தட்டலை நிர்ணயிக்கிறது என்பதைச் சோதனைகளால் காட்டினார்.

1921 டிசம்பர் 9-ஆம் நாள் மிட்ஜ்லியின் குழு டெட்ரா-எதில் ஈயம் என்ற சேர்மத்தைச் சோதித்தது. மிகச் சிறிதளவே தட்டலை அடக்கியது. எரிசாராயமும் அதே பணியைச் செய்யும் என்பதை அவர் அறியாதவரல்லர். ஆயினும் சாராயம் யாரும் வடிக்கத்தக்கது; ஈயக் கலவைக்கோ உரிமை பெறலாம். வாணிகம் ஈயத்தின் பக்கம் சாய்ந்ததில் வியப்பில்லை. 1924 அக்டோபரில் நியூஜெர்சியிலுள்ள ஒரு தொழிற்சாலையில் அந்த நஞ்சால் சித்தம் கலங்கி ஐந்து தொழிலாளர் இறந்தனர். மிட்ஜ்லியே முந்திய ஆண்டில் ஈய நோயால் வருந்தியவர். அப்படியிருந்தும் விற்பனை நிலைத்துவிட்டது.

1926-இல் கிரஹாம் எட்கர் ஓர் அளவுகோல் வகுத்தார். எளிதில் தட்டும் ஹெப்டேனுக்குச் சுழி. தட்டலை நன்கு தாங்கும் ஐசோ-ஆக்டேனுக்கு 100. இதுவே ஆக்டேன் எண். மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: எண் உயர்ந்த பெட்ரோலில் ஆற்றல் மிகுதி என்று பலர் நம்புகிறார்கள், அது பிழை. அந்த எண் பொறுமையின் அளவு. எவ்வளவு அமுக்கினாலும் காலத்துக்கு முன் வெடியாதிருக்கும் தன்மையைத்தான் அது குறிக்கிறது. 1940-இல் பிரிட்டிஷ் போர்விமானங்கள் 100 ஆக்டேன் பெட்ரோலுக்கு மாறியபோது, அமுக்கக் காற்றை முன்னினும் மிகுந்த அழுத்தத்தில் செலுத்த முடிந்தது. வலிமை அக்காற்றிலிருந்து வந்தது. பெட்ரோல் அதற்கு இடம் கொடுத்தது.

பொம்பார்டியே தொடங்கிய தொழிலின் வழிவந்த நிறுவனம் 2020-ஆம் ஆண்டு மாதிரி வண்டியில் இருவீச்சு எஞ்சினுக்குத் தொழிற்சாலையிலேயே டர்போசார்ஜர் பூட்டி வெளியிட்டது. இத்தகைய வண்டிக்கு அமெரிக்க எண் 91 கேட்கப்படுகிறது. அங்கே இருவகைச் சோதனைகளின் சராசரியைப் பொறிப்பார்கள். இந்தியாவில் ஒரு சோதனையின் எண்ணை மட்டுமே கொள்கிறோம். அவர்களுடைய 91 நம் கணக்கில் ஏறத்தாழ 95 அல்லது 96. எரிசாராயம் கலந்தால் எண் உயரும். ஆனால் அது நீரை ஈர்க்கும், நீர் பிரிந்தால் கடுங்குளிரில் குழாயிலேயே உறையும். சிலர் விமான பெட்ரோலை ஊற்றிப் பார்க்கிறார்கள். அமெரிக்காவில் சிறு விமானங்களுக்கான பெட்ரோலில் இன்னும் ஈயம் உண்டு. புகைக்குழாயில் பொருத்திய உணர்கருவிகளின் மேல் அது படிந்து அவற்றைக் கெடுத்துவிடுகிறது.

அந்த ஈயம் வேறோர் இடத்திலும் படிந்திருந்தது. 1960-களில் கிளேர் பாட்டர்சனும் அவருடைய தோழர்களும் கிரீன்லாந்தின் பனியை அடுக்கடுக்காக வெட்டியெடுத்து ஆராய்ந்தனர். 1969-இல் வெளியிட்ட முடிவுகளின்படி, அடுக்குகளில் ஈயத்தின் அளவு மிகச் செங்குத்தாக உயர்ந்தது 1940-க்குப் பிறகு. மோட்டார் வண்டிகளின் தடமே காணாத வெண்பரப்பு அது. இந்தியா 2000-ஆம் ஆண்டில் ஈய பெட்ரோலைக் கைவிட்டது. கார்களுக்கு அதை விற்ற கடைசி நாடான அல்ஜீரியா 2021-இல் நிறுத்தியது.