கடற்கரை – தாம்பரம் மீட்டர்கேஜ்: பெரிய வண்டியும் சின்ன மாதிரியும்



நம் சிட்லபாக்கத்துக்கென்று தனியாக ரயில் நிலையம் கிடையாது. ஆனாலும் ரயில் இல்லையென்றால் இந்த ஊர் இப்படி வளர்ந்திருக்காது. ஒரு பக்கம் குரோம்பேட்டை, மறுபக்கம் தாம்பரம் சானடோரியம், இரண்டுக்கும் இடையே தண்டவாளத்துக்குக் கிழக்கே நாம். பாரீஸிலும் மவுண்ட் ரோட்டிலும் வேலை பார்த்தவர்கள் ஏரிக்கரை ஓரத்தில் துணிந்து மனை வாங்கியதற்குக் காரணமே சீசன் டிக்கெட்தான். நான் வங்கியில் குமாஸ்தாவாக இருந்த காலத்தில் பாதிக்கு மேல் அந்த மீட்டர்கேஜ் வண்டியில்தான் போய் வந்தேன். ஓய்வு பெற்ற பிறகு அதே வண்டியைச் சிறிய அளவில் செய்து பார்க்கும் பழக்கம் வந்தது. அதன் வரலாற்றையும், அதை மாதிரியாகச் செய்வதில் உள்ள கணக்கையும் இந்த இதழில் சொல்கிறேன்.

1931 முதல் 2004 வரை

தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து ஆற்காடு பக்கம் வாலாஜா ரோடுக்குப் போனது. அது மெட்ராஸ் ரயில்வேயின் அகலப் பாதை. நம் பக்கம் ஓடியது வேறு கம்பெனி, தென்னிந்திய ரயில்வே. எழும்பூரிலிருந்து தாம்பரம், விழுப்புரம் வழியாகத் தெற்கே போன அதன் பாதை மீட்டர்கேஜ், அதாவது இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே சரியாக ஒரு மீட்டர்.

கடற்கரை – தாம்பரம் இடையே மின்சார ரயில் வந்தது 1931-இல். மேலே ஓடிய கம்பியில் 1,500 வோல்ட் நேர் மின்சாரம். பம்பாயில் 1925-லேயே மின்சார ரயில் ஓடத் தொடங்கிவிட்டது, ஆனால் அது அகலப் பாதை. மீட்டர்கேஜில் மின்சார ரயிலை இந்தியாவில் முதலில் பார்த்தது நம் பாதைதான். கீழ்ப்பாக்கத்தையும் மயிலாப்பூரையும் தாண்டி யோசிக்காத பட்டணம், மாம்பலம், சைதாப்பேட்டை, பல்லாவரம் என்று தெற்கே நீண்டதில் இந்தக் கம்பிக்குப் பெரிய பங்கு உண்டு.

1960-களில் இரண்டு மாற்றங்கள் வந்தன. கம்பியில் ஓடும் மின்சாரம் 25,000 வோல்ட் மாறு மின்சாரமாக மாறியது. தாம்பரத்தைத் தாண்டி விழுப்புரம் வரை மின்கம்பி போனது. அதற்காக ஜப்பானிலிருந்து ஒய்.ஏ.எம்.1 என்ற வகை எஞ்சின்கள் 20 வந்தன. நம் பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் மீட்டர்கேஜ் மின்சார ரயில் பெட்டிகளும் தயாராயின. நம்மில் பலருக்கு நினைவிருக்கும் வண்டி அதுதான். பிறகு அகலப் பாதை வந்து, சில ஆண்டுகள் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் ஓடி, 2004-இல் மீட்டர்கேஜ் புறநகர் ரயில் நின்றது.

73 ஆண்டுகள் ஓடிய வண்டி. அது நின்ற பிறகு பிறந்த பிள்ளைகள் இன்று கல்லூரி முடித்துவிட்டார்கள். அவர்களுக்கு மீட்டர்கேஜ் என்றால் என்னவென்று கையால் காட்டித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

எது எங்கே மிஞ்சியது?

1931 காலத்துப் பாதைக்காக ஒய்.சி.ஜி.1 என்ற வகையில் நான்கு மின்சார எஞ்சின்கள் இங்கிலாந்திலிருந்து வந்தன. அவற்றின் எண்கள் 21900 முதல் 21903 வரை. பின்னால் வந்த ஜப்பான் எஞ்சின்களின் எண் 21904-இல் தொடங்குகிறது. செக் புத்தகத்தில் அடுத்தடுத்த தாள்போல வரிசை விட்டுப்போகவில்லை. கம்பியில் மின்சாரம் மாறியதும் அந்தப் பழைய நான்குக்கும் இந்தப் பாதையில் வேலை இல்லாமல் போனது. அவற்றில் ஒன்று இப்போது டெல்லி சாணக்யபுரியில், 1977-இல் திறந்த தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. நம் ஊர்ப் பாதையில் ஓடிய எஞ்சினைப் பார்க்க நாம் டெல்லிக்கு டிக்கெட் எடுக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான கதையும் ஒன்று உண்டு. 1855-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் செய்த இ.ஐ.ஆர்.21 என்ற நீராவி எஞ்சின் உழைத்ததெல்லாம் வங்காளப் பக்கம். 1909-இல் ஓய்வு பெற்று, நூறு ஆண்டு காட்சிப் பொருளாக நின்றது. அதை 2010-இல் மறுபடி ஓட வைத்தவர்கள் பெரம்பூர் லோகோ பணிமனைக்காரர்கள். எழும்பூரிலிருந்து கோடம்பாக்கம் வரை அது புகை விட்டுக்கொண்டு போனதை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். வேற்றூர் எஞ்சினுக்கு உயிர் கொடுக்கும் கைத்திறன் நம்மிடம் இருக்கிறது. ஆனால் நாம் தினமும் தொங்கிக்கொண்டு போன பெட்டிகளில் பெரும்பாலானவை காயலான் கடைக்கு இரும்பாகப் போய்விட்டன. அரிய பொருளை எடுத்து வைக்க நமக்குத் தோன்றுகிறது. தினமும் பார்ப்பது போய்விடும் என்று தோன்றுவதில்லை.

மாதிரி செய்வதில் உள்ள கணக்கு

பெரிய வண்டி போனபின் அதன் உருவத்தை வைத்துக்கொள்ள ஒரே வழி மாதிரிதான். பொம்மை வேறு, மாதிரி வேறு. பொம்மை ரயில் மாதிரி இருந்தால் போதும். மாதிரியில் ஜன்னல் எத்தனை, கதவு எந்த இடம், படி எவ்வளவு உயரம் என்பதெல்லாம் அசலோடு டேலி ஆக வேண்டும்.

உலகில் அதிகம் புழங்கும் அளவு 87-இல் 1 பங்கு. 20 மீட்டர் நீளமுள்ள பெட்டி 23 செ.மீ. ஆகிவிடும். கடையில் கிடைக்கும் தண்டவாளத்தின் இடைவெளி 16.5 மி.மீ. இது மேல்நாட்டு 1,435 மி.மீ. பாதைக்குச் சரியாக வரும். நம் அகலப் பாதை 1,676 மி.மீ. அதை 87-ஆல் வகுத்தால் 19 மி.மீ.க்கு மேல். அதனால் கடைத் தண்டவாளத்தில் நம் அகலப் பாதைப் பெட்டியை நிறுத்தினால், பெரிய ஆளுக்குச் சின்னச் செருப்பு மாட்டியதுபோல இருக்கும். மீட்டர்கேஜுக்கு 11.5 மி.மீ. வேண்டும். கடையில் 12 மி.மீ. கிடைக்கிறது, ஏறக்குறையப் பொருந்திவிடும்.

கடற்கரை – தாம்பரம் பாதை சுமார் 29 கி.மீ. அதை இதே அளவில் முழுவதும் செய்ய 333 மீட்டர் இடம் வேண்டும். நம் அடுக்ககத்தின் மொட்டை மாடி போதாது. அதனால் நான் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு பெட்டியும் ஒரு நடைமேடைத் துண்டும். சன்போர்டு, தடித்த அட்டை, ஃபெவிகால், அக்ரிலிக் பெயிண்ட், கொஞ்சம் பொறுமை. பொருள் செலவு பெரிதில்லை. தகவல் சேர்ப்பதுதான் பெரிய வேலை.

அயர்லாந்தில் ஒருவர்

இந்தத் தொல்லை நமக்கு மட்டும் இல்லை. அயர்லாந்தில் ரயில் பாதையின் அகலம் 5 அடி 3 அங்குலம். பக்கத்து இங்கிலாந்தின் பாதை அதைவிடக் குறுகியது. விற்பனைக்கு வந்ததெல்லாம் இங்கிலாந்து வண்டிகளின் மாதிரிகள்தாம். அயர்லாந்து ஆர்வலர்களில் பலர் தங்கள் வண்டிகளைத் தாங்களே செய்துகொண்டார்கள். ஒரு அடிக்கு 4 மி.மீ. என்று வைத்தால் அவர்கள் பாதை சரியாக 21 மி.மீ. வருகிறது. அதற்குக் கடையில் தண்டவாளம் இல்லையென்றால், கையாலேயே போட்டுக்கொண்டவர்களும் உண்டு.

அவர்களில் பெயர் பெற்றவர் சிரில் ஃப்ரை. டப்ளினில் ரயில்வே பொறியாளராகவும் வரைவாளராகவும் இருந்தவர். வரைபடங்களைப் பார்த்து அந்த நாட்டு எஞ்சின்களையும் பெட்டிகளையும் வீட்டிலேயே ஒவ்வொன்றாகச் செய்து சேர்த்தார். 1972-இல் அவர் காலமானார். அந்தச் சேகரிப்பு பின்னர் மாலஹைட் கோட்டையில் மக்கள் பார்வைக்கு வந்தது, இடையில் மூடிக் கிடந்து, 2020-இல் அதே ஊரில் புதிய இடத்தில் மறுபடி திறந்தது. அசல் பாதைகளில் பல மூடப்பட்டு, வண்டிகளில் பல உடைக்கப்பட்ட நாட்டில், அவர் செய்து வைத்தது இன்று சாட்சி.

நம் நாட்டிலும் இப்படி உண்டு. பூனாவில் ஜோஷி என்பவர் தொடங்கிய சிறு ரயில் அருங்காட்சியகம் 1998 முதல் நடக்கிறது. நம் சென்னையில் ஐ.சி.எஃப். பக்கம் புதிய ஆவடி சாலையில் உள்ள ரயில் அருங்காட்சியகம் 2002-இல் வந்தது. பேரப்பிள்ளைகளோடு ஒருநாள் போய் வாருங்கள்.

நம் வீட்டு அலமாரியில் இருப்பது

ஃப்ரைக்கு ரயில்வே வரைபடங்கள் கையில் இருந்தன. நம் போன்றவர்களுக்குப் பழைய போட்டோதான் வரைபடம். அதில் ஒரு வசதி உண்டு. வண்டியை நேர் எதிரே நின்று எடுத்த படம் என்றால், சக்கரத்துக்குக் கீழே தெரியும் இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே ஒரு மீட்டர் என்பது நிச்சயம். அதை அளவுகோலாக வைத்து, பெட்டியின் அகலம், உயரம், முன் கண்ணாடி எல்லாவற்றையும் கணக்குப் போட்டு எடுத்துவிடலாம். பக்கவாட்டுப் படம் ஜன்னல், கதவு எண்ணிக்கைக்கு. கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறம் தெரியாது. அதற்குக் கலர் படம் ஒன்றாவது வேண்டும். நிறத்தைப் பற்றி நான்கு பேரிடம் கேட்டால் நான்கு பதில் வருகிறது!

ஆகவே ஒரு வேண்டுகோள். இந்தக் குடியிருப்பில் 60 வயது தாண்டியவர்கள் பலர் இருக்கிறோம். கல்யாணத்துக்குப் போகும்போது குரோம்பேட்டை நடைமேடையில் எடுத்த குடும்பப் படம், ஊரிலிருந்து வந்த மாமாவை வழியனுப்பத் தாம்பரத்தில் எடுத்த படம், அலமாரியில் கிடக்கும் பழைய சீசன் டிக்கெட், கால அட்டவணை என்று ஏதாவது இருக்கும். படத்தில் நாம் மாமாவைப் பார்க்கிறோம். மாமாவுக்குப் பின்னால் நிற்கும் வண்டிதான் எங்களுக்கு வேண்டியது. வீடு மாறும்போதும் பொங்கலுக்கு ஒழிக்கும்போதும் பழைய பேப்பர் கடைக்கு முதலில் போவது இந்த மாதிரிக் காகிதங்கள்தாம்.

போடுவதற்கு முன் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். வண்டி தெரிந்தால் நம் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு நகல் போடுங்கள், அசல் உங்களிடமே இருக்கட்டும். படத்தின் பின்பக்கம் இடம், ஆண்டு, இருப்பவர் பெயர் ஆகியவற்றை மெல்லிய பென்சிலால் எழுதி வையுங்கள். பால்பாயிண்ட் பேனா வேண்டாம், அழுத்தம் முன்பக்கம் தெரிந்துவிடும்.