முறுக்கு அச்சும் கேக் கிண்ணமும்

இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் ஆகிய பகுதிகளில் மாலை வேளையில் நடந்து செல்பவர் எவரும், ரொட்டிக்கடைகளின் கண்ணாடிப் பெட்டிகளில் வரிசையாக வீற்றிருக்கும் சின்னஞ்சிறு கேக்குகளைக் காணாமலிரார். மடிப்பு மடிப்பாக அமைந்த காகிதக் கிண்ணம். அதனுள்ளே மெத்தென்ற கேக். அதன் தலைமேல் ரோசா மலரைப்போலச் சுழன்றேறிய கிரீம். கப் கேக் என்று யாவரும் அறிந்த பண்டம் இது. முன்னாளில் பிறந்தநாளன்று வகுப்புத் தோழர்களுக்கு மிட்டாய் வழங்கிய மாணவர், இந்நாளில் இதனை வழங்கக் காண்கிறோம்.

இதனை வீட்டிலேயே செய்து பார்க்க விழைபவர் கடைக்குச் சென்றால், இரண்டு வினாக்கள் எதிர்ப்படும். கிரீமைப் பிழியும் பையின் முனையில் செருகும் கூம்புக்குழல் ஒன்று வேண்டும். அதனைப் பேக்கரிக்காரர் 'நாசில்' என்பர். நூறு வகையான துளைகளோடு அது கிடைக்கிறது. எதனை வாங்குவது? மாவை ஊற்ற வேண்டிய காகிதக் கிண்ணமும் பல அளவில், பல நிறத்தில் கிடைக்கிறது. அதில் எதனை எடுப்பது?

இவ்விரு கருவிகளும் மேனாட்டார் நமக்குத் தந்த புதுமைகள் என்று மாணவர் பலர் எண்ணுவர். கேக் கடல்வழி வந்தது என்பது மெய்யே. ஆயின், பிசைந்த மாவைத் துளைவழிப் பிதுக்கி உருவாக்குவதும், கரைத்த மாவைச் சிறு குழியில் வார்த்து வேகவைப்பதும் இத்தொண்டை நாட்டுக்குப் பழங்கலைகள். அக்கலைகளின் போக்கை அறிந்தவருக்குக் கடையில் நின்று தேர்ந்தெடுப்பதும் எளிதாகிவிடும். ஆதலின் முதலில் பின்னோக்கிச் செல்வோம்.

கச்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டு, கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது பெரும்பாணாற்றுப்படை. அதில் கூவியர் என்னும் அப்ப வாணிகர் வருகின்றனர். அவர்கள் கரிய அகலில் பாகு கூட்டிச் செய்த, இழைகள் சூழ்ந்த வட்டமான பண்டம் ஒன்றினைப் புலவர் குறிப்பிடுகிறார். நீர்நிலையில் உதிர்ந்து கிடக்கும் மலர்கள், பாலில் இட்ட அப்பண்டத்தைப்போல் தோன்றினவாம்! இழை சூழ்ந்த வட்டத்தை அப்பமென்று கொள்வாரும் உண்டு. இடியப்பத்தை ஒத்ததென்று கொள்வாரும் உண்டு. எதனைக் கொள்ளினும், மாவை இழையாக்கும் கைத்திறனும், அதனை ஏந்தும் அகலும் அவ்வோரடியில் ஒருங்கே நிற்கின்றன. மலரையும் பண்டத்தையும் ஒப்பிட்டுக் காணும் கண்ணும் அன்றே இருந்தது.

இனி நம் வீட்டு முறுக்கு நாழியை எடுத்துக்கொள்வோம். பித்தளையாலோ மரத்தாலோ ஆன குழல் ஒன்று. அதன் அடியில் மாற்றி மாற்றிப் பொருத்தும் வில்லைகள். வட்டத் துளை இட்டால் தேன்குழல். நுண்ணிய துளைகள் பல இட்டால் ஓமப்பொடி. நீண்ட பிளவு இட்டால் ரிப்பன் பகோடா. விண்மீன்போல் வெட்டிய துளை இட்டால் முள்ளு முறுக்கு. மேனாட்டு நாசில்களின் பெருங்குடும்பங்களும் இவையே என்பது வியப்பைத் தரும். எழுத்தெழுதவும் புள்ளியிடவும் வட்டத்துளை. சுருளும் மலருமாகப் பிழிய விண்மீன்துளை. கூடைப்பின்னல் போட நீள்பிளவு. இதழுக்கென்று ஒருபுறம் தடித்து மறுபுறம் மெலிந்த பிளவும், இலைக்கென்று கிளியின் மூக்குப்போல் வெட்டிய முனையும் மட்டுமே நம் நாழியில் இல்லாதவை.

முள்ளு முறுக்கின் முட்கள் வெறும் அழகுக்கு ஏற்பட்டவையல்ல. புடைப்பும் பள்ளமும் மிகுந்தால் எண்ணெயோடு சேரும் பரப்பு மிகும்; உள்ளிருக்கும் நீர் விரைந்து ஆவியாகும்; முள்ளின் நுனி முதலில் சிவந்து மொறுமொறுக்கும். அங்கே விண்மீன்துளை பல்லுக்காக ஏற்பட்டது. கிரீமோ வேகவேண்டுவதில்லை. அதன் வரம்புகளில் ஒளி விழுகிறது. பள்ளங்களில் நிழல் தங்குகிறது. தொலைவிலிருந்து காண்பவருக்கு இதழ் இதழாகத் தோன்றுகிறது. அதே துளை இங்கே கண்ணுக்காகப் பணி செய்கிறது.

ஓமப்பொடி பிழியும் தாய்மாரிடமிருந்து இன்னொரு பாடமும் கற்கலாம். அவர்கள் ஓமத்தை அப்படியே மாவில் போடுவதில்லை. அரைத்து வடிகட்டி அச்சாற்றையே சேர்ப்பர். ஏனெனில் ஒரு மணி ஓமம் சிக்கினாலும் நுண்துளை அடைபட்டுவிடும். தேன்குழல் மாவில் எள்ளும் சீரகமும் தாராளமாகச் செல்லும். கேக்கின்மேல் எழுதுவதற்குச் சிறுதுளை நாசிலை எடுப்பவர், சர்க்கரைத் தூளைச் சலித்தே ஆகவேண்டும் என்பதும் இதே நியதிதான். பிரான்சு நாட்டு மருத்துவர் புவாசேய், குருதி ஓடும் முறையை ஆராயப் புகுந்து, மெல்லிய குழாய்களில் நீர்மங்கள் வழியும் அளவை 1840-களில் கணித்து வெளியிட்டார். மற்றவை மாறாதிருக்க, குழாயின் ஆரம் பாதியானால் வழியும் அளவு பதினாறில் ஒரு பங்காகும் என்பது அவர் கண்டது. கிரீமும் மாவும் நீரைப்போல் ஓடுவனவல்ல. ஆதலால் இக்கணக்கு அவற்றுக்கு அப்படியே பொருந்தாது. எனினும், துளை சற்றே சிறுத்தாலும் கை ஏன் இவ்வளவு நோகிறது என்பதற்கு அதில் விடை உண்டு.

கிண்ணத்தின் கதைக்கு வருவோம். காஞ்சி வரதராசப் பெருமாள் கோயில் இட்லியை அறியாதார் யார்? மூங்கிற் குடலையில் மந்தாரை இலையைப் பரப்பி, மாவை வார்த்து ஆவியில் வேகவைப்பது அதன் மரபு. குடலை உருவத்தைத் தாங்குகிறது. இலை மாவை ஒட்டவிடாமல் காக்கிறது. தாங்குவது ஒன்று, பிரிப்பது ஒன்று என்னும் இவ்விரட்டை ஏற்பாட்டையே, உலோகத் தட்டின் குழியும் அதனுள் வைக்கும் காகிதக் கிண்ணமும் இன்று செய்கின்றன. நம் வீட்டு இட்லித் தட்டில் இலையின் இடத்தில் ஈரத்துணி. குழிப்பணியாரக் கல்லில் அதுவும் இல்லை. எண்ணெயே பிரிக்கும் பொருளாகிவிடுகிறது.

இந்நாட்டில் இப்படியிருக்க, கேக் எவ்வழி வந்தது? எண்ணூருக்கு வடக்கே பழவேற்காட்டில் டச்சுக்காரர் 1613-இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினர். ஆங்கிலேயர் 1639-இல் சென்னையில் இடம் பெற்றனர். இரும்பு அச்சை மாவில் தோய்த்து எண்ணெயில் பொரிக்கும் அச்சு முறுக்கு, ஆங்கிலோ-இந்தியர் இல்லங்களில் 'ரோஸ் குக்கி' என்ற பெயரில் கிறிஸ்துமஸ் பண்டமாக விளங்குகிறது. இலங்கையில் அதன் உடன்பிறப்புக்குக் கொக்கிஸ் என்று பெயர். அப்பெயரே டச்சுச் சொல்லின் திரிபு. ஆகவே, அச்சுக்கள் நம் கடற்கரையில் இருதிசையும் பழகியிருக்கின்றன.

சென்னைக்குத் துறைமுகம் ஏற்படுமுன், கப்பல்கள் கரைக்கு அப்பாலேயே நங்கூரமிட்டு நின்றன. ஆணியின்றிக் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளே அலையைக் கடந்து சரக்கை இறக்கின. அப்படகுகளைச் செலுத்திய மக்களில் பலர் இராயபுரத்தார். அவர்கள் 1829-இல் எழுப்பிய புனித இராயப்பர் ஆலயம் இன்றும் நிற்கிறது. 1856-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாள், இராயபுரம் நிலையத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னாட்டின் முதல் பயணியர் ரயில் புறப்பட்டது. ரயில்வே வேலையில் அமர்ந்த ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் இராயபுரத்திலும் பெரம்பூரிலும் பெருகின. அவர்கள் இல்லத்துக் கிறிஸ்துமஸ் கேக்கும், முள்கரண்டியிலோ சீப்பிலோ உருட்டி வரியிட்ட கல்கலும் அக்கம்பக்கத்தாருக்கும் பழக்கமாயின. மேலைக் கடற்கரைத் தலைச்சேரியில் 1883-இல் மாம்பள்ளி பாப்பு என்பவர், மர்டாக் பிரௌன் என்னும் ஆங்கிலேயர் கேட்டதற்கிணங்க இந்தியரின் முதல் கிறிஸ்துமஸ் கேக்கைச் செய்தார் என்று அவ்வூரார் பெருமையோடு கூறுவர்.

கிண்ணக் கேக்கின் பிறப்பிடம் அமெரிக்கா. அமீலியா சிம்மன்ஸ் என்ற பெண்மணி 1796-இல் வெளியிட்ட சமையல் நூலில், சிறு கோப்பைகளில் வேகவைக்கும் கேக் ஒன்று காணப்படுகிறது. எலைசா லெஸ்லி 1828-இல் எழுதிய நூலில் 'கப் கேக்' என்ற பெயரே வருகிறது. ஆயின் அங்கே கோப்பை என்பது பாத்திரமாகாமல், சர்க்கரை முதலியவற்றை அளக்கும் அளவையாக நிற்கிறது. நம் உழக்கையும் ஆழாக்கையும் நினைத்துக்கொள்ளலாம். 1843-இல் ஆல்பிரடு பேர்டு என்ற ஆங்கிலேயர், ஈஸ்ட் ஒவ்வாத தம் மனைவிக்காகப் பேக்கிங் பவுடரை உருவாக்கினார். அதன்பின் மாவு புளிக்கக் காத்திருக்கும் வேலை நீங்கிற்று. கிரீம் பிழியும் கலையும் பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் ஐரோப்பாவில் செழித்தது. முதலில் சுருட்டிய காகிதக் கூம்பு. பின்னர்த் துணிப்பையும் தகரக் குழலும். 1929-இல் சிகாகோவில் தோன்றிய வில்டன் நிறுவனம் தன் நாசில்களுக்கு இட்ட எண்களைப் பிறர் பலரும் பின்பற்றுகின்றனர்.

காகிதக் கூம்பு என்றதும், தமிழ்நாட்டின் மற்றொரு துறைமுகமான தூத்துக்குடி நினைவுக்கு வருகிறது. முட்டையின் வெண்கருவைச் சர்க்கரையோடு நுரைக்க அடித்து, முந்திரித் தூள் கலந்து, காகிதக் கூம்பில் இட்டுக் கூர்முனையாகப் பிழிந்து, மெல்லிய சூட்டில் நெடுநேரம் உலர்த்தி எடுப்பது அவ்வூர் மக்கரூன். மேனாட்டார் பாதாம் இட்டனர்; நாம் முந்திரி இட்டோம். அங்கே பேரெண் கொண்ட நாசில் ஏதுமில்லை. கூம்பின் நுனியைக் கத்தரிக்கோல் எவ்வளவு வெட்டுகிறதோ அதுவே துளை. பழக்கத்திற்கு இதைவிடச் சிறந்த கருவி இல்லை என்பது என் கருத்து. நாசில் பெட்டி ஒன்றினை முழுமையாக வாங்கிப் பரணில் போடுவதினும், காகிதக் கூம்பால் ஒரு திங்கள் பழகி, பின்னர் வட்டம் ஒன்று, விண்மீன் ஒன்று, இலை ஒன்று என மூன்று வாங்குவது போதும்.

எவ்வளவு பெரிய துளை என்பதைக் கிண்ணமும் பருவமும் சேர்ந்தே முடிவு செய்கின்றன. வழக்கமான காகிதக் கிண்ணத்தின் அடிவட்டம் ஏறக்குறைய 50 மில்லிமீட்டர். இதன் தலையை ஒரே சுழற்சியில் மூட ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாத வாயுள்ள விண்மீன் நாசில் தேவை. சிறு நாசிலைக்கொண்டு அதனை மூட முயல்பவர் பத்துச் சுற்றுச் சுற்றவேண்டும். அதற்குள் கையின் சூட்டிலேயே கிரீம் இளகிவிடும். 30 மில்லிமீட்டர் அளவுள்ள குட்டிக் கிண்ணத்திற்குப் பெரிய நாசில் பொருந்தாது; கேக்கைவிடக் கிரீம் பெருத்துவிடும்.

வடசென்னையின் வெயிலும் உப்பங்காற்றும் மேனாட்டுப் புத்தகங்களில் இல்லாதவை. வெண்ணெய் 32 முதல் 35 பாகை சென்டிகிரேடு வரையிலான வெப்பத்தில் உருகுவது. சித்திரை வைகாசியில் இங்கே நண்பகல் வெப்பம் 38 பாகையைத் தாண்டுவதும் உண்டு. இதனால்தான், 1937-இல் டால்டா வந்த பின்னர், ரொட்டிக்கடைக்காரர் பலர் வெண்ணெயை விட்டு வனஸ்பதியைப் பற்றினர். அது இன்னும் உயர்ந்த வெப்பத்திலேயே இளகும். ஆனால் அதிலிருந்த திரிந்த கொழுப்பு இதயத்திற்குத் தீங்கு செய்வது என்று பின்னர் உறுதிப்பட்டு, உணவிலுள்ள எண்ணெய், கொழுப்பில் அதன் அளவு நூற்றுக்கு 2-ஐ மேற்படலாகாதென்று 2022 ஜனவரி முதல் இந்தியாவில் விதி நடைமுறைக்கு வந்தது. வாடிக்கையாளரின் கண்ணுக்கு மலர் நிமிர்ந்து நிற்கவேண்டும். அதே மலர் குழந்தையின் உடலுக்குத் தீங்காகவும் கூடாது. வீட்டிலிருந்தே கேக் செய்து விற்றுக் குடும்பத்தைத் தாங்கும் பெண்களுக்கு இஃது அன்றாடச் சிக்கல்.

துளையைத் தேரும் அறிவு இங்கே கைகொடுக்கும். வெண்ணெய்க் கிரீமை விடாதவர், கோபுரம்போல் உயரப் பிழியும் ஆசையை விட்டுவிட வேண்டும். ஆழமாக வெட்டிய பற்களையுடைய நாசிலால் தாழ்ந்த மலராக ஒரே சுற்று இடின், சற்று இளகினாலும் வரம்பு மறையாது. நெருங்கிய நுண்பற்களையுடைய நாசில் இட்ட கோடுகளோ நண்பகலில் ஒன்றோடொன்று கலந்துவிடும். வெண்கருவும் சர்க்கரையும் சேர்த்த ஐசிங் உலர்ந்து கல்லாவது; ஆயின் கடற்காற்றின் ஈரத்தில் அது உலர நெடுநேரம் எடுக்கும். மழைக்காலத்தில் அதனால் நுண்கோடு வரையத் துணிபவருக்குப் பொறுமை வேண்டும்.

கிண்ணத்தில் முதலில் நோக்கவேண்டியது நிறமன்று. மெல்லிய காகிதமாயின் குழித்தட்டு இன்றியமையாதது. தட்டின்றி வைத்தால் மாவின் பாரத்தில் பக்கங்கள் விரிந்து, கேக் தட்டையாகிவிடும். தடித்த, விளிம்பு சுருட்டிய கிண்ணம் தானே நிற்கும், விலை மிகுதி. குழித்தட்டு வாங்க இயலாதவர், ஓரிரு முறைக்கு மட்டும் செய்பவராயின், தடித்ததை வாங்குவதே சிக்கனம். எண்ணெய் ஊறாத காகிதமா என்று பார்க்கவேண்டும். இன்றேல் வெந்தபின் நெய் ஊறி, எவ்வளவு அழகிய பூவேலையும் மங்கிவிடும். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் மாவை ஊற்றலாகாது. பணியாரக் குழியில் பாட்டி ஊற்றும் அளவைக் கவனித்தவருக்கு இதனைச் சொல்லவேண்டியதில்லை.

கேக் வெந்த பின்னர்க் காகிதம் தானே கழன்று விரிந்துவிடுகிறது என்று முறையிடுவோர் பலர். கிண்ணத்தைப் பழிப்பதன்முன், சூடு ஆறுமுன்னரே கேக்கைப் பெட்டியில் இட்டு மூடினரா என்று பார்க்கவேண்டும். உள்ளே அடைபட்ட ஆவி காகிதத்தை நனைத்து விடுவித்துவிடுகிறது. இட்லியைத் துணியிலிருந்து எடுக்க, அதன்மேல் நம் வீட்டில் தண்ணீர் தெளிப்பதும் இந்த விடுவிப்புக்காகவே. அங்கே நாமே வேண்டிச் செய்கிறோம், இங்கே கம்பிவலையின்மேல் வைத்துக் காற்றாட விட்டால் தடுத்துக்கொள்ளலாம்.